‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்கிற அப்பாவிடம் என்ன பேசுவது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனையில் இருந்தவரை எல்லோரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டு தைரியமாகத்தான் இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு “அது ஹார்ட் அட்டாக்கே இல்லை, வாயுப் பிடிப்பு” என்கிறார். இரண்டு வாரமாக மாத்திரையே போடவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. டாக்டரிடம் முன்பு ஒருமுறை சொன்னபோது “அவர் டினையல்ல இருக்கார்” என்றார். அப்படியென்றால் என்ன? ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டோம், சண்டை போட்டுவிட்டோம், அம்மா அழுதும் பார்த்துவிட்டார். அவரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?

பதில்: முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அப்புறம்.

ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் நிரந்தரமாக இருந்துவிடும் ஒரு கம்பிவலை. குழாயின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூடும்வரை ரத்தத்துக்கு அது வேண்டாத அந்நியப் பொருள்தான். அதில் உறைந்து ஒட்டப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல், டிக்காக்ரெலார் போன்ற இன்னொரு மாத்திரையும் தருகிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு இந்த ஜோடியை வழக்கமாக 12 மாதம்வரை தொடர்வார்கள். நான்காம் மாதத்தில் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைபட்டுப்போக வாய்ப்பு உண்டு. அது இன்னொரு மாரடைப்பு. அதனால் இதைப் படித்து முடித்ததும் இதய மருத்துவரைக் கூப்பிட்டு “இரண்டு வாரமாகப் போடவில்லை” என்று சொல்லிவிடுங்கள். எதை, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். நடுவில் நெஞ்சில் வலியோ பாரமோ, மூச்சுத் திணறலோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், அப்பா எத்தனை முறை வாயு என்றாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். யார் சொல்வது சரி என்று பேசித் தீர்க்கிற நேரம் அது இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் மனநல மருத்துவன்; வேலையில் பாதி நேரம் இதய நோய்ப் பிரிவில்தான் கழிகிறது. “டாக்டர், இந்த பேஷன்ட் டினையல்ல இருக்கார், கொஞ்சம் பாருங்க” என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கணிசமான பேர் அந்த ‘டினையல்’, அதாவது மறுப்பு நிலையிலேயே இருக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் அப்பாவுக்கும் அந்தப் பெயரை உடனே ஒட்டிவிட வேண்டாம்.

சரியாகச் சொன்னால் மறுப்பு என்பது இதுதான்: தாங்க முடியாத ஒரு விஷயம் காதில் விழுகிறது, புரியவும் செய்கிறது, ஆனால் மனம் அதைத் தன்னுடையதாக உள்ளே விடுவதில்லை. இது பொய் சொல்வது அல்ல. பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரியும். மறுப்பில் இருப்பவர் தனக்குத்தானே மறைத்துக்கொள்கிறார், மறைத்தோம் என்பதும் அவருக்குத் தெரியாது. பிடிவாதமும் அல்ல, படிப்பறிவு சம்பந்தப்பட்டதும் அல்ல. மனிதர்கள் உண்மையை இப்படித் தள்ளிவைப்பதைப் பற்றி எழுதியவர்களில் முதலானவர் சிக்மண்ட் ஃபிராய்டு. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1923-இல் தன் வாயின் மேலண்ணத்தில் ஒரு வளர்ச்சியைப் பார்த்தார். பார்த்த பிறகும் சுமார் இரண்டு மாதம் சும்மா இருந்தார். சுருட்டை விடச் சொல்வார்களோ என்பதுதான் பெரிய பயம். அது புற்றுநோய் என்று தெரிந்தும் அவருடைய மருத்துவ நண்பர் ஃபெலிக்ஸ் டாய்ச் அவரிடம் மறைத்தார். பின்னால் தெரியவந்தபோது, எந்த உரிமையில் மறைத்தார்கள் என்று ஃபிராய்டு கொதித்துப்போனார். 30-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள், 1939-இல் மரணம். நடுவில் சுருட்டு மட்டும் நிற்கவே இல்லை. விஷயம் தெரிந்தவர் இப்படி நடந்துகொள்வாரா என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் ஐந்து நிலைகளைச் சொன்ன பிறகு இந்தச் சொல் எல்லோர் வாய்க்கும் வந்துவிட்டது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்கிற அந்த வரிசையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர் பேசியது சாகும் தறுவாயில் இருந்தவர்களோடு. மறுப்பை அதிர்ச்சியைத் தாங்கும் தற்காலிக மெத்தை மாதிரிதான் அவர் பார்த்தார். ஆனால் கேட்டவர்கள் அதைப் படிக்கட்டாக்கிவிட்டார்கள்: முதல் படியில் நிற்பவரை இழுத்து ஐந்தாம் படிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. மனிதர்கள் அப்படி வரிசையாகப் போவதில்லை.

எனக்கு அதைவிட உபயோகமாக இருப்பவர் ஏவரி வைஸ்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1972-இல் அவர் மறுப்பை மூன்று அடுக்காகப் பிரித்தார். முதல் அடுக்கில் இருப்பவர் நடந்ததையே மறுக்கிறார்: “அது ஹார்ட் அட்டாக் இல்லை.” இரண்டாவது அடுக்கில் நடந்ததை ஒத்துக்கொள்வார், அதன் விளைவை மறுப்பார்: “வந்தது, அடைப்பை எடுத்தாச்சு, இனி என்ன?” மூன்றாவதில் விளைவையும் ஒத்துக்கொண்டு, இது தன்னைச் சாகடிக்கக்கூடும் என்பதை மட்டும் மறுப்பார். இதைச் சொன்ன கையோடு அவர் இன்னொன்றும் சொன்னார். தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒரு நடுநிலை உண்டு. காலையில் உயில் பற்றிப் பேசும் நோயாளி, சாயங்காலம் பத்து வருடம் கழித்துச் செய்யப்போவதைப் பற்றிப் பேசுவார். இரண்டும் அவருக்கு உண்மை. உங்கள் அப்பாவும் பகலில் வாயு என்று சொல்லிவிட்டு, ராத்திரி தூக்கம் கலைந்து நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிறாரோ என்னவோ, அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் இருக்கும் முக்கியமான தடயம். மருத்துவமனையில் சிரித்துப் பேசிக்கொண்டு தைரியமாக இருந்தார் என்றீர்கள். அதுவும் மறுப்பாக இருந்திருக்கலாம். அப்போது அது நல்லது செய்தது. 1968-இல் தாமஸ் ஹாக்கெட், நெட் கேசம் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இருவரும் தங்கள் குழுவோடு இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 50 பேரைக் கவனித்து எழுதினார்கள். மானிட்டர் கத்துகிறது, பக்கத்துப் படுக்கைக்காரர் இறந்துபோகிறார், ஆனாலும் பலர் “எனக்குப் பயமே இல்லை” என்றார்கள். பயம் குறைந்தால் உடம்பில் அட்ரினலின் சுரப்பும் குறையும். அடிபட்ட இதயத்துக்கு வேலை கொஞ்சம் மிச்சமாகும். 1987-இல் வந்த இன்னொரு ஆய்வு இதன் மறுபக்கத்தையும் காட்டியது. மறுப்பு அதிகம் உள்ளவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்த நாட்களே இருந்தார்கள், அங்கே இருந்தவரை இதயச் சிக்கல்களும் குறைவு. ஆனால் வீடு திரும்பிய பிறகு வந்த ஒரு வருடத்தில் அதே ஆட்கள்தான் சொன்னபடி நடக்காமல், மறுபடி அதிக நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

முதல் வாரத்தில் மருந்தாக இருந்தது நான்காம் மாதத்தில் விஷமாகிவிடுகிறது. உங்கள் அப்பா மாறவில்லை, அவரைச் சுற்றி இருந்த வேலைதான் மாறிவிட்டது. படுக்கையில் இருந்தபோது மாத்திரையை நர்ஸ் கொடுத்தார். அவர் என்ன நினைத்தாலும் சிகிச்சை நடந்தது. வீட்டில் அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை அந்தப் பெட்டியைத் திறக்கும்போதும் ‘நீ இதய நோயாளி’ என்று அது அவருக்குச் சொல்கிறது. அவர் தூக்கிப்போட்டது அந்தச் செய்தியைத்தான், கூடவே மாத்திரையும் போய்விட்டது.

ஆனால் இது ஒரு ஊகம் மட்டுமே. மறுப்பு என்று முடிவுகட்டும் முன் வேறு சிலவற்றை ஒதுக்கியாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அவருக்கு யாராவது புரியும்படி சொன்னார்களா? நாங்கள் பேசுவதை நாங்களே கேட்டால் சிரிப்பு வரும். “பிளாக் இருந்துச்சு, க்ளியர் பண்ணியாச்சு, நார்மலா இருக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் நார்மலாக இருந்தால் டினையல் என்கிறோம். குழாயில் அடைப்பை எடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது உடம்பு முழுக்க நடக்கிற, வாழ்நாள் முழுக்க நீள்கிற ஒன்று, ஸ்டென்ட் அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் திறந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னார்களா?

அடுத்தது, மாத்திரை அவரை ஏதாவது செய்கிறதா? இதை நான் எப்போதும் கேட்பேன், பெரும்பாலும் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிக்காக்ரெலார் சிலருக்கு மூச்சு முட்டுகிற உணர்வைத் தரும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் சிலரைச் சோர்வாக்கும், தாம்பத்தியத்தில் சிக்கல் தரும். இதை மகளிடமோ மகனிடமோ எந்த அப்பா சொல்வார்? கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி கொடுக்கும். மாத்திரை போட்டால் உடம்பு கெடுகிறது, நிறுத்தினால் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் கண்கூடாகப் பார்த்தால், நோயே இல்லை என்று முடிவுக்கு வருவது அவர் கணக்கில் நியாயம். வாயு என்ற பேச்சு சங்கடத்தை மறைக்கும் போர்வையாகவும் இருக்கலாம். மாத்திரையை மாற்றினால் ‘டினையல்’ மறைந்துபோன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வையும் மறக்கக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. அவர்கள் “ஒண்ணுமில்லை, விடு” என்று சொல்வதும் கேட்பதற்கு மறுப்பு மாதிரியே இருக்கும். உள்ளே அர்த்தம் வேறு: இனி என்ன இருந்தால் என்ன. தூக்கம், பசி, முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம் இவை எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். குறைந்திருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொரு வகை உண்டு. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூளையே நோயை அறிய விடாத நிலை. பக்கவாதத்தில் மூளையின் வலது பாதி அடிபட்ட சிலர் இடது கை அசையாமல் கிடக்கும்போதும் “கை நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். ஜோசப் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914-இல் இதற்கு அனசக்னோசியா என்று பெயர் வைத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1974-இன் கடைசி நாளில் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தார். தனக்குப் பக்கவாதம் என்பது கட்டுக்கதை என்றார், செயலிழந்த காலால் பந்து உதைக்கிறேன் என்றார், நிருபர்களைத் தன்னோடு மலை நடைக்கு வரச் சொன்னார். 1975 நவம்பரில்தான் பதவி விலகினார், அதன் பிறகும் தான் நீதிபதி என்பது போலவே நடந்துகொண்டார். இன்னும் விசித்திரம், இப்படிப்பட்ட சில நோயாளிகளின் இடது காதில் குளிர்ந்த நீர் விட்டால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் “ஆமாம், கை வரவில்லை” என்று ஒத்துக்கொள்கிறார்கள். விளைவு தேய்ந்ததும் பழையபடி மறுக்கிறார்கள். ஸ்கிசோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோய் உள்ள பலர் தனக்கு நோயில்லை என்பதும் பெரும்பாலும் இந்த வகைக்கு நெருக்கமானது. அவர்களை மறுப்பு என்று திட்டுவது, கண் தெரியாதவரைப் பார்க்க மறுக்கிறார் என்று திட்டுவது போல.

கடைசியாக, மறுப்பே இல்லாத மறுப்பு. எல்லாம் தெரிந்து, யோசித்து, “எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்” என்று சொல்கிறவர். அது முடிவு, அந்த முடிவு அவருடைய உரிமை. எங்களுக்குப் பிடிக்காத முடிவை எடுப்பவரை டினையல் என்று குறித்து வைப்பது மருத்துவர்களின் கெட்ட பழக்கம். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பால் ஆப்பல்பாம், தாமஸ் கிரிஸ்ஸோ இருவரும் 1988-இல் நான்கு சோதனைகள் சொன்னார்கள். ஒருவர் விஷயத்தைப் புரிந்துகொள்கிறாரா, அது தனக்குப் பொருந்துகிறது என்று உணர்கிறாரா, சாதக பாதகங்களை எடைபோட முடிகிறதா, ஒரு முடிவைச் சொல்ல முடிகிறதா என்று. மறுப்பு உள்ளவர் இரண்டாவதில் மட்டும் விழுவார். மாரடைப்பு என்றால் என்ன என்று கேட்டால் அழகாக விளக்குவார், அது தனக்கு வந்தது என்பதை மட்டும் ஏற்க மாட்டார். நீங்கள் ரிப்போர்ட்டைக் காட்டியது ஏன் பலிக்கவில்லை என்பது இதிலேயே இருக்கிறது. ரிப்போர்ட் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

சண்டை பலிக்காததற்கும் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் குடிநோயாளிகளுக்கு மறுப்புதான் அடையாளம், அதை நேருக்கு நேர் மோதி உடைக்க வேண்டும் என்று நம்பினார்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் அதற்கு நேர்மாறான ஒரு பேச்சுமுறையை முன்வைத்தார். 1993-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ அவ்வளவுக்கு அந்த நோயாளி ஒரு வருடம் கழித்து அதிகம் குடித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. நீங்கள் “நோய் இருக்கு” என்ற பக்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் அவருக்கு மிச்சம் இருப்பது “இல்லை” என்ற பக்கம் மட்டும்தான். ஒவ்வொரு வாக்குவாதத்திலும் அவர் தன் வாயாலேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்கிறார்.

ஆகவே உங்கள் கேள்வியையே மாற்றச் சொல்வேன். “எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது” என்பதை விட்டுவிடுங்கள். நோயை அவர் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. மாத்திரையை ஒத்துக்கொண்டால் போதும்.

எல்லோரும் சூழ்ந்து நிற்காமல், அவர் அதிகம் மதிக்கிற ஒருவர், சாவகாசமான நேரத்தில், ரிப்போர்ட் இல்லாமல் உட்காருங்கள். முதலில் கேளுங்கள்: “அப்பா, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க? எனக்கு உங்க வாயால கேக்கணும்.” வாயு என்பார். திருத்தாதீர்கள். கஷ்டம், தெரியும். “அன்னிக்கு ராத்திரி ரொம்பப் பயமா இருந்திருக்கும் இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் ஒரு நிமிடம் நீண்டாலும் நீளட்டும். பெரும்பாலும் பயத்துக்குப் பின்னால் குறிப்பான ஒன்று இருக்கும். வேலையை விடச் சொல்வார்களோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ, தன் அப்பாவும் இதே வயதில்தான் போனார் என்றோ. அது வெளியே வந்தால் அதைப் பற்றிப் பேசுங்கள், இதயத்தைப் பற்றி அல்ல.

அப்புறம் மாத்திரை. “வாயுவாவே இருக்கட்டும்பா. ஆனா உள்ள ஒரு கம்பிவலை வச்சிருக்காங்க, அது உண்மைதானே? அதுல ரத்தம் உறையாம இருக்கத்தான் இந்த ரெண்டு மாத்திரை. போட்டா உங்களுக்கு என்ன தொந்தரவு வருது?” இப்படிக் கேட்டால் அவர் தோற்காமலே மாத்திரைக்குத் திரும்ப ஒரு வழி கிடைக்கிறது. மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, நேரத்தை ஒன்றாக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் பல் தேய்ப்பது போல யோசிக்காமல் நடக்கிற ஒரு வேலையோடு அதைச் சேர்த்துவிடுங்கள். தெரியாமல் எதிலாவது கலந்து கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். கண்டுபிடித்த அன்று டாக்டர், மாத்திரை, நீங்கள் மூவர் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. மறுப்பு யாருக்கும் அவசரமான ஆபத்தைத் தராதவரை அதைச் சும்மா விடலாம். ஒருவர் எல்லா மாத்திரையும் போட்டுக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பினால் அதைக் கலைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆனால் வலி வந்தும் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றால் விடக்கூடாது. ரத்தம் நின்றால் அரை மணி நேரத்துக்குள்ளேயே இதயத் தசை சாக ஆரம்பிக்கிறது. அடைப்பைத் திறக்க எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நேரே பேசுவது என்றால் அதைப் பற்றி இப்போதே பேசி வையுங்கள்: “உங்களுக்கு அது வாயுன்னே தோணினாலும், அன்னிக்கு மாதிரி வந்தா நான் கூப்பிட்டுடுவேன். கோவிச்சுக்கக் கூடாது.” நல்ல நாளில் இதற்குத் தலையாட்டிவிடுவார்கள். கெட்ட நாளில் அந்தத் தலையாட்டல்தான் உங்களுக்கு அனுமதி.

என்னிடம் வரும் ஒருவர் இருக்கிறார். ஸ்டென்ட் வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார், மாத்திரையை எண்ணி வைத்திருப்பார், ரத்த அழுத்தமும் கொழுப்பும் என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கும். உட்கார்ந்ததும் “டாக்டர், அந்த வாயு மாத்திரை தீர்ந்துபோச்சு” என்பார். நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்.